கெபி வரைக்கும் அம்மா

ஜூலிக்கு இருப்பது ஒரே ஒரு அம்மா. பள்ளிக்கூட மணி அடித்துவிட்டால் அந்த ஒரு அம்மாவும் கிடையாது.

காலையில் முத்தியால்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பும்போது அவள் அம்மாதான். பின்னால் உட்கார்ந்து இடுப்பைக் கட்டிக்கொள்ளலாம். "ம்மா, சாயந்தரம் பீச்சுக்குப் போலாமா, ம்மா?" என்று வழியெல்லாம் நச்சரிக்கலாம். பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் வேப்பமரத்தடியில், கல் குகை மாதிரி கட்டி மாதா சொரூபம் வைத்த கெபி இருக்கிறது. அங்கே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இருவரும் சிலுவை போட்டுக்கொள்வார்கள். அவ்வளவுதான், அம்மா முடிந்துபோவாள். அங்கிருந்து நாலாம் வகுப்புக்கு நடந்து போகிறவர் அந்தோணிமேரி மிஸ்.

"கெபி வரைக்கும் அம்மா. அப்புறம் மிஸ். சரியா?" என்று பள்ளி திறந்த அன்றைக்கே அம்மா சொல்லிவிட்டாள்.

"ஏம்மா?"

"வகுப்புல எல்லாரும் என் புள்ளைங்கதான். உன்னை மட்டும் ஒசத்தியா வச்சிருக்கேன்னு யாரும் நெனச்சிடக் கூடாது."

ஜூலி தலையாட்டினாள். அப்போது அவளுக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை. போன வருஷம் வரை வேறு டீச்சர். இந்த வருஷம் நாள் முழுக்க அம்மாவோடு இருக்கலாம் என்று குதித்துக்கொண்டு வந்தாள், பாவம்.

மற்றப் பிள்ளைகளைக் கேட்டால், அந்தோணிமேரி மிஸ் மாதிரி மிஸ் புதுச்சேரியிலேயே கிடையாது என்பார்கள். அவர் வகுப்பில் யாருக்கும் நிரந்தரமாகக் கடைசி பெஞ்சு கிடையாது. திங்கட்கிழமை வந்தால் எல்லாரும் ஒரு பெஞ்சு முன்னால் நகர வேண்டும்; முதல் பெஞ்சு பின்னால் போய்விடும். சண்டை போட்டால் முட்டி போட வேண்டாம். வகுப்பில் மழுங்கிக் கிடக்கும் பென்சில்களையெல்லாம் சண்டைக்காரர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சீவ வேண்டும். ஷார்ப்னர் ஒன்றுதான் தருவார். செம்மலும் பாரதியும் இருக்கிற வரைக்கும் அந்த வகுப்பில் ஒரு பென்சிலும் மழுங்கியதில்லை.

கேள்வி கேட்பதிலும் மிஸ்ஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. கேள்வி கேட்டுவிட்டு, கை தூக்காதவர்கள் யார் என்று பார்ப்பார். "தெரியாதவங்ககிட்டதான் நான் பேசணும். தெரிஞ்சவங்களுக்கு நான் எதுக்கு?" என்பார். பதில் தப்பாக இருந்தால் தப்பு என்று சொல்ல மாட்டார். "சரி, எப்படி அங்க போய்ச் சேர்ந்தேன்னு சொல்லு, நானும் கூட வரேன்" என்பார். சாயந்தர மணி அடிப்பதற்குள் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கேள்வியாவது கேட்டுவிடுவார்.

ஜூலியைத் தவிர.

அதற்கும் காரணம் இருந்தது. பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஜூலி ஒரு கணக்குக்குப் பளிச்சென்று விடை சொன்னாள். உடனே செம்மல் திரும்பிப் பார்த்து, "விடையை வீட்லயே சொல்லிட்டாங்களா?" என்று கேட்டான். விளையாட்டுக்குத்தான் கேட்டான். ஆனால் அது மிஸ் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து மிஸ்ஸின் பார்வை ஜூலியின் பெஞ்சுக்கு வந்ததும் அவளைத் தாண்டிக் குதித்து அடுத்த பிள்ளையிடம் போய்விடும்.

ஜூலி கை தூக்குவாள். தூக்கித் தூக்கிக் கை வலித்தால், இன்னொரு கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு தூக்குவாள். சில நாள் தூக்காமலும் இருந்து பார்த்தாள். எதுவும் பலிக்கவில்லை.

செம்மல் வாய்ப்பாட்டில் திணறினால் மிஸ் அவன் பக்கத்தில் குனிந்து நின்று சொல்லிக் கொடுப்பார். ஜூலிக்குப் பொறாமையாக இருக்கும். பாரதி தும்மினால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். அதற்கும் பொறாமையாக இருக்கும். ஒரு நாள் ஜூலியும் வேண்டுமென்றே பெரிதாக ஒரு தும்மல் தும்மிப் பார்த்தாள்.

"கர்ச்சீப் எடு, ஜூலி" என்றார் மிஸ், போர்டில் எழுதிக்கொண்டே.

இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகைந்துகொண்டிருந்த வயிறு, கார்குழலி வந்ததும் நன்றாகவே எரியத் தொடங்கியது.

கார்குழலி அரியாங்குப்பத்திலிருந்து வரும் புதுப் பெண். அத்தை வீட்டில் இருக்கிறாள். இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி; அதை ஒரு ரப்பர் பேண்டில் எப்படியோ அடக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். மிஸ் அவளை ஜூலியின் பக்கத்தில் உட்கார வைத்தார்.

வந்த வாரமே அது நடந்துவிட்டது. தமிழ்ப் பாடம் நடந்துகொண்டிருந்தது. கார்குழலி எழுந்து நின்று, "அம்மா, தண்ணி குடிக்கப் போகட்டுமா?" என்று கேட்டாள்.

கேட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

மிஸ் சிரிக்கவில்லை. "போய்ட்டு வாடா கண்ணு" என்றார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "சிரிச்சு முடிச்சாச்சா? இப்ப பாடத்தைப் படிங்க" என்றார்.

எல்லாரும் படித்தார்கள். ஜூலியால் ஒரு வரி படிக்க முடியவில்லை. கண்ணாம், போய்ட்டு வாடாவாம்! பெற்ற பெண் நான் 'மிஸ், மிஸ்' என்று கூப்பிட வேண்டும். நேற்று வந்தவள் 'அம்மா' என்று கூப்பிடுவாள், அதற்கு ஒரு கொஞ்சல் வேறு!

அதோடு போயிருந்தால் கூடப் பரவாயில்லை. மத்தியான சாப்பாட்டு நேரத்தில் மிஸ் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவார். அன்றைக்குக் கார்குழலியின் வரிசை. சாப்பிட்டு முடித்ததும், அவிழ்ந்து கிடந்த அவள் முடியைப் பார்த்து, "இப்படித் திரும்பு" என்றார். சீப்பை வாங்கிச் சிக்கெடுத்தார். வகிடு எடுத்து, இரண்டாகப் பிரித்து, வழவழவென்று பின்னிவிட்டார்.

ஜூலி தன் சடையைத் தொட்டுப் பார்த்தாள். அது அவளுடைய அப்பா பிரகாசம் பின்னியது. காலையில் அம்மாவுக்கு நேரம் இருக்காது. அப்பா எலெக்ட்ரீஷியன். "மூணு வயரை முறுக்கற மாதிரிதானே, இதுல என்ன இருக்கு" என்று சொல்லிக்கொண்டு பின்னுவார். ஒரு சடை காதுக்கு மேலேயும் ஒரு சடை கழுத்துக்குப் பின்னாலும் இருக்கும்.

கை கழுவும் குழாயடியில் ஜூலி கார்குழலியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய், அது எங்க அம்மா. உங்க அம்மா இல்ல. நீ ஏன் அம்மான்னு கூப்பிடற?"

"தெரியாம வந்துடுச்சு."

"அப்போ வாயத் தொறக்காத. சடை வேணும்னா உங்க அம்மாகிட்ட போய்ப் பின்னிக்க."

கார்குழலி குழாயை மூடினாள். கையைக்கூடக் கழுவாமல் போய்விட்டாள். ஜெயித்துவிட்டோம் என்று ஜூலி நினைத்தாள். ஆனால் சாயந்தரம் வரைக்கும் அந்தச் சந்தோஷம் வரவே இல்லை.

மறுநாளிலிருந்து கார்குழலி நிஜமாகவே வாயைத் திறக்கவில்லை. மிஸ் கேள்வி கேட்டால் விடையை நோட்டில் எழுதிக் காட்டுவாள். பேர் கூப்பிட்டால் கை தூக்குவாள். ஜெபம் சொல்லும்போது கூட உதடு மட்டும்தான் அசையும்.

இரண்டு நாள் பார்த்த மிஸ், அன்று இரவு சாப்பாட்டின்போது வீட்டில் அப்பாவிடம் சொன்னார். வீட்டில்தானே, சொன்னாள் என்றே வைத்துக்கொள்வோம்.

"கார்குழலி பேசவே மாட்டேங்கறா. நல்லா பேசிட்டிருந்த புள்ள. நான்தான் ஏதோ பண்ணிட்டேன் போல."

"புது எடம், மேரி. போகப் போகச் சரியாயிடும்" என்றார் அப்பா.

"எனக்கு பயமா இருக்குங்க. நானும் அப்படி இருந்திருக்கேனே."

ஜூலி தோசையிலிருந்து தலையைத் தூக்கினாள். இது அவளுக்குத் தெரியாத கதை.

"நீயா பேசாம இருந்த?" என்றாள்.

"ஆமா. தாத்தா வேலை பார்த்த மில்ல மூடிட்டாங்க. அந்த வருஷம் நான் நாலாம் வகுப்பு. வீட்ல கஷ்டம்னு எங்க டீச்சருக்குத் தெரியும். நல்லவங்கதான். 'பாவம், இந்தப் புள்ளைய எதுக்குத் தொந்தரவு பண்றது'ன்னு என்னை ஒரு கேள்வி கூட கேக்க மாட்டாங்க. வருஷம் முழுக்க. எனக்கு பதில் தெரியும். வாயிலயே வச்சிட்டு உக்காந்திருப்பேன். கடைசில பேசறதையே விட்டுட்டேன். அவங்க நல்லதுக்குத்தான் பண்ணாங்க. ஆனா நான் அங்க இருக்கறதே யாருக்கும் தெரியலன்னு தோணும்." அம்மா தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள். "டீச்சர் ஆனா ஒரு புள்ளையையும் கேக்காம வீட்டுக்கு அனுப்பக் கூடாதுன்னு அப்பவே முடிவு பண்ணேன்."

'என்னையும்தான் நீ கேக்கறதில்ல!' என்று ஜூலிக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் கார்குழலியின் வாயை அடைத்தது யார்? அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே! வந்த வார்த்தையைத் தோசையோடு சேர்த்து விழுங்கிவிட்டாள். 

அடுத்த நாள் கணக்குப் பாடம். மிஸ் போர்டில் வட்டமாக ஒரு ரொட்டி வரைந்து, பின்னம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்.

பக்கத்தில் கார்குழலி நெளிந்துகொண்டிருந்தாள். காலை மாற்றி மாற்றிப் பின்னிக்கொண்டாள். நெற்றியில் வியர்வை.

"என்ன?" என்று ஜூலி கிசுகிசுத்தாள்.

கார்குழலி ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள்.

"பாத்ரூம் போணுமா?"

ஆமாம் என்று தலையாட்டினாள்.

"அப்போ மிஸ்ஸைக் கேளேன்!"

கார்குழலி உதட்டை உள்ளே மடித்து இறுக்கிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜூலிக்கு அப்போதுதான் புரிந்தது. வாயைத் திறந்தால் 'அம்மா' என்று வந்துவிடுமோ என்று அவள் பயப்படுகிறாள். அந்தப் பயத்தை விதைத்தது ஜூலிதான்.

அவளுக்காக 'மிஸ்' என்று கூப்பிட்டு அனுமதி கேட்டுவிடலாம். இன்றைக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். நாளைக்கு? நாளைக்கும் இவள் இப்படித்தானே உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்?

ஜூலி சட்டென்று எழுந்து நின்றாள். கடைசி பெஞ்சுவரை கேட்கிற மாதிரி கத்தினாள்.

"அம்மா!"

மிஸ்ஸின் கையிலிருந்த சாக்பீஸ் ரொட்டியின் நடுவிலேயே நின்றுவிட்டது.  பிறகு சிரிப்பு வெடித்தது. கார்குழலிக்குச் சிரித்ததைவிடப் பெரிய சிரிப்பு. ஜூலிக்குக் காது இரண்டும் சுட்டன. ஆனாலும் உட்காரவில்லை.

"அம்மா, கார்குழலிக்கு பாத்ரூம் போகணும். நான் கூட்டிட்டுப் போறேன்."

"போ... போய்ட்டு வாங்க" என்றார் மிஸ். அவருக்கே பேச்சு தடுமாறியது.

இருவரும் வாசலைத் தாண்டும்போது பின்னால் செம்மலின் குரல் கேட்டது. "இதெல்லாம் ஒண்ணுமே இல்ல மிஸ். நான் ஒரு வாட்டி பி.டி. சாரையே அம்மான்னு கூப்பிட்டிருக்கேன்!"

கார்குழலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மீசை வச்சிருக்காரே, அவரையா?" என்று கேட்டுவிட்டுப் பாத்ரூமை நோக்கி ஓடினாள். பேசிவிட்டாள்!

அவள் வெளியே வரும்வரை ஜூலி சுவரைச் சுரண்டிக்கொண்டு நின்றாள். மன்னிப்புக் கேட்பது எவ்வளவு கஷ்டமான வேலை! வாய் வரைக்கும் வருகிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது.

"அன்னிக்கி குழாயடியில சொன்னேன்ல, அது தப்பு. எனக்குப் பொறாமை" என்று கடைசியில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

"எம்மேலயா?" கார்குழலியால் நம்ப முடியவில்லை. "உனக்கு என்ன, வீட்டுக்குப் போனா அம்மா இருக்காங்க."

"வீட்லயும் நோட்டுதான் திருத்திட்டிருப்பாங்க. உங்க அம்மா எங்க?"

"சென்னையில. ஒரு வீட்ல தங்கி, முடியாத ஒரு ஆயாவைப் பாத்துக்கறாங்க. மாசத்துக்கு ஒரு வாட்டிதான் வருவாங்க." கார்குழலி குரலைத் தாழ்த்தினாள். "அந்த ஆயாவுக்கு எங்க அம்மாதான் தெனமும் தல வாரி விடுவாங்களாம். கேட்டாலே எனக்கு வயிறு எரியும். ஆயாவுக்கு மொத்தமே எலி வாலாட்டம் கொஞ்சூண்டு முடிதான். அதுக்கு எதுக்கு வாரணும்?"

ஜூலி அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். தன்னைப் போலவே வயிறு எரிகிற ஒருத்தி! அதுவும் ஒரு வயசான ஆயாவைப் பார்த்து! இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"உனக்கு அம்மான்னு வந்தா வரட்டும்" என்றாள் ஜூலி. "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." கொஞ்சம் யோசித்து, "ரொம்ப அடிக்கடி வேணாம்" என்று சேர்த்துக்கொண்டாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது, தலைமை ஆசிரியை சிஸ்டரைத் தான் 'ஆயா' என்று கூப்பிட்ட கதையைப் பாரதி சொல்லிக்கொண்டிருந்தாள். மிஸ் மேசையைத் தட்டி எல்லாரையும் அமைதியாக்கினார்.

"ஜூலி, வகுப்புல என்னை எப்படிக் கூப்பிடணும்?"

"மிஸ்னு, மிஸ்."

"தெரியுதில்ல? அப்புறம் ஏன் அப்படிக் கூப்பிட்ட?"

ஜூலி தலையைக் குனிந்துகொண்டாள். காரணத்தைச் சொன்னால் கார்குழலியின் பயத்தையும் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அதைவிடத் திட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பக்கத்தில் கார்குழலி எழுந்து நின்றாள்.

"அம்... மிஸ்!" என்றாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. இத்தனை நாளாக வாயே திறக்காதவள் பேசுகிறாளே என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "எனக்கு அம்மான்னு வந்துடுமோன்னு பயமா இருந்துச்சு. அதுக்குத்தான் ஜூலி கூப்பிட்டா, மிஸ்."

மிஸ்ஸின் முகம் மாறியது. "நல்ல காரியம்தான். உக்காரு" என்றார்.

கார்குழலி உட்காரவில்லை. "மிஸ், நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"ஜூலி தெனமும் கை தூக்கறா. வலிச்சா இன்னொரு கையால புடிச்சிக்கிட்டுத் தூக்கறா. நான் பக்கத்துல இருந்து பாக்கறேன். நீங்க ஏன் அவளைக் கேக்கறதே இல்ல?"

 ஜூலி அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் கார்குழலி சொல்லி முடித்துவிட்டாள்.

"நானா?" என்றார் மிஸ். "ஜூலியை நான் கேக்கறதே இல்லையா?"

"இல்ல மிஸ்" என்றான் செம்மல். "அவ உங்க பொண்ணு, கேக்க வேணாம்னு நீங்க விட்டுட்டீங்கன்னு நாங்க நெனச்சோம்."

அந்தோணிமேரி மிஸ் பாடம் நடத்தும்போது நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. இப்போது உட்கார்ந்துவிட்டார். சாக்பீஸைக் கைக்குள் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். நேற்று ராத்திரி தோசை சுட்டுக்கொண்டே சொன்னதையெல்லாம் அவர் இப்போது நினைத்துப் பார்க்கிறார் என்று ஜூலிக்குத் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரியாது.

"பசங்களா, தப்பு என்னுதுதான்" என்றார் மிஸ். "என் பொண்ணுக்குச் சலுகை குடுக்கறேன்னு பேர் வந்துடக் கூடாதுன்னு பயந்தேன். பயந்து பயந்து ஒரு புள்ளைய அப்படியே விட்டுட்டேன்."

எழுந்து ஜூலியின் பெஞ்சுக்கு வந்தார். அவளைத் தாண்டிப் போகவில்லை. அவள் முன்னாலேயே நின்றார். பார்வை நேராக அவள் முகத்தில் இருந்தது.

"ஜூலி, நீ சொல்லு. போர்டுல இருக்கற ரொட்டிய எட்டுத் துண்டா வெட்டியாச்சு. நீயும் கார்குழலியும் ஆளுக்கு ஒரு துண்டு சாப்பிட்டுட்டீங்க. மிச்சம் எத்தனை பங்கு? பின்னத்துல சொல்லணும்."

ஜூலி துள்ளி எழுந்தாள். போர்டைப் பார்த்தாள். ரொட்டியில் என்னென்னவோ கோடுகள். பக்கத்தில் மேலே ஒரு எண், கீழே ஒரு எண். கார்குழலியைக் கவனித்ததிலும் பாத்ரூமுக்குப் போனதிலும் பாடம் அவள் காதில் ஏறவே இல்லை. மேலே எதை எழுத வேண்டும், கீழே எதை எழுத வேண்டும்? ஒன்றும் புரியவில்லை. முன் பெஞ்சிலிருந்து செம்மல் வாயைக் கோணலாக்கி விடையைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மிஸ் அவசரப்படவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"தெரியல, மிஸ்!" என்றாள் ஜூலி.

அந்த வகுப்பில் அதுவரை யாருமே இவ்வளவு சந்தோஷமாகத் 'தெரியல' என்று சொன்னதில்லை.